சும்மா நிற்கிற பதினெட்டுப் பேர்

வெளிநாடு போகிறேன் என்று எங்கள் அடுக்ககத்தில் நாலு பேரிடம் பீற்றிக்கொண்டது தப்பாகப் போயிற்று. சென்னையில் விமானம் ஏறி, கொடுத்த சாண்ட்விச்சின் காகிதத்தைப் பிரித்து முடிப்பதற்குள் யாழ்ப்பாணம் வந்துவிட்டது. மடிப்பாக்கத்திலிருந்து பாரிமுனைக்கு பஸ்ஸில் போக இதைவிட அதிக நேரம் பிடிக்கும். "அதுக்குள்ள இறங்கச் சொல்றாங்களே சார்" என்று பக்கத்து இருக்கைக்காரர் கொடுத்த பணம் வீணானதுபோல என்னிடம் குறைபட்டுக்கொண்டார்.

நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. கூப்பிட்டார்கள், போனேன். கூப்பிட்டது என் சம்பந்தியம்மா. என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்திருக்கிறோம். பிள்ளைகள் இரண்டும் லண்டனில் இருக்கின்றன. சம்பந்தியம்மா கரவெட்டியில் அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றின் பொறுப்பதிகாரி. படிப்புக்கும் வேலைவாய்ப்புக்கும் அரசு செலவழிக்கிற பணம் உருப்படியாகப் போகிறதா என்று பார்க்கப் பாராளுமன்றக் குழு ஒன்று கொழும்பிலிருந்து வரப்போகிறது. பார்க்கப்போகும் இடங்களின் பட்டியலில் அவருடைய நிலையமும் இருக்கிறது.

"அண்ணை, நீங்கள் முப்பது வருசம் உந்தக் கமிட்டியளுக்கு மறுமொழி எழுதினனீங்கள்தானே? ஒருக்கா வந்து நிண்டு எங்களுக்குச் சொல்லித் தாங்கோ" என்றார் போனில்.

வாஸ்தவம்தான். ஓய்வு பெறும்வரை நான் செய்த வேலை அது ஒன்றுதான். சட்டமன்றக் குழு எங்கள் துறையைக் கேள்வி கேட்கும், பதிலை நான் எழுதுவேன். 'பரிசீலனையில் உள்ளது', 'உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது' என்பவற்றை ஒரே பக்கத்தில் ஆறு விதமாக எழுதத் தெரிந்தவன் அந்தக் கட்டடத்தில் நான் ஒருவன்தான். ஓய்வு பெற்றபின் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. காபிக்குச் சர்க்கரை போடலாமா என்றுகூடக் கேட்பதில்லை. கடல் தாண்டி ஒருவர் ஆலோசனை கேட்கிறார் என்றதும் அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிட்டேன்.

போய் இறங்கிய அன்று மதியம் சாப்பாடுதான் முதல் விசாரணை. சம்பந்தி, அதாவது சம்பந்தியம்மாவின் கணவர், ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர், சமையல் அவருடையது. குத்தரிசிச் சோறு, விளமீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, சொதி. நான் போதும் என்று கையை மறித்தால், மறித்த கைக்குப் பக்கத்தில் இடம் கண்டுபிடித்துப் போட்டார். எங்கள் ஊரில் 'போதும்' என்றால் போதும் என்று அர்த்தம். இங்கே அது அடுத்த கரண்டிக்கான அனுமதி.

சாப்பிட்டுக்கொண்டே என் உறவினர்களைப் பற்றி விசாரித்தார். ஒவ்வொருவருக்கும் ஒரே கேள்வி.

"உங்கடை தம்பி என்ன செய்யிறார்?"

"சொந்தமா அச்சகம் வச்சிருக்கான். இருபது பேர் வேலை பாக்கறாங்க."

"ஓ... அப்ப பென்சன் இல்லையோ?" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

சாப்பாட்டுக்குப் பிறகு சம்பந்தியம்மா கோப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். நிலையத்தில் நான்கு பாடநெறிகள். மூன்றில் பிரச்சினை இல்லை. நான்காவது, படகு எஞ்சின் திருத்தும் பாடநெறி. குழு அனுப்பிய படிவத்தில் 'கடந்த மூன்று வருடங்களில் பயிற்சி முடித்தவர்கள் எத்தனை பேர்' என்ற கட்டத்தில் பதினெட்டு என்று எழுதியிருந்தார்கள். 'வேலையில் உள்ளவர்கள்' என்ற கட்டத்தில் பெரிய பூஜ்யம்.

"என்னம்மா இது, ஒருத்தன்கூடவா தேறலை?"

"எல்லாரும் நல்லா உழைக்கிறாங்கள், அண்ணை. ஆனா எங்கடை கிளாக்கர் பிள்ளை பதினெட்டு வீட்டுக்கும் போன் எடுத்துக் கேட்டவள். பதினெட்டு வீட்டிலையும் ஒரே மறுமொழி: 'இல்லைப் பிள்ளை, அவன் சும்மாதான் நிக்கிறான்.' அவள் அப்பிடியே எழுதிப்போட்டாள். நானும் கையெழுத்து வைச்சு அனுப்பிப்போட்டன்."

வேலை தராத பாடநெறிகளை மூடலாம் என்று குழு ஏற்கெனவே சொல்லியிருந்ததாம். மூடினால் பாதிக்கப்படுவது யார் என்று கேட்டேன். வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. "இந்தா, அவரே வாறார்" என்றார் சம்பந்தியம்மா.

வந்தவர் பெயர் மரியதாசன். குருநகர்க்காரர், கடல்தொழில் செய்கிற குடும்பம். பதினொரு வருடமாக அந்தப் பாடநெறிக்கு ஒரே ஆசிரியர். பதினொரு வருடமாகத் தினக்கூலி. அவரை நிரந்தரமாக்கும்படி போன கோப்பு கொழும்பில் கிடக்கிறது. பாடநெறி நிலைத்தால் கோப்பு நகரும். வருகிற மாதம் அவருக்கு நாற்பத்தைந்து வயது முடிகிறது. அதன்பிறகு கோப்பு நகர்ந்தாலும் பிரயோசனமில்லை, வயது எல்லை தாண்டிவிடும். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். இதையெல்லாம் சம்பந்தியம்மாதான் சொன்னார். தாசன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, என் பிரயாணம் சுகமாக இருந்ததா என்று மட்டும் கேட்டார்.

"கவலையே படாதீங்க தாசன்" என்றேன். "பதினெட்டுப் பேர்கிட்டயும் நான் வேலை பார்க்கிறேன்னு ஒரு கடுதாசி எழுதி வாங்கிட்டா முடிஞ்சுபோச்சு. படிவத்துல பிழை, திருத்தி வாசிக்கவும்னு ஒரு குறிப்பு வச்சுடலாம். இதெல்லாம் எனக்கு ஜுஜுபி."

தாசனுக்கு ஜுஜுபி விளங்கவில்லை. ஆனாலும் தலையாட்டினார்.

மறுநாள் காலை அவருடைய மோட்டார் சைக்கிளில் பருத்தித்துறைக்குப் புறப்பட்டோம். தலைக்கவசம் ஒன்று எனக்கும் தந்தார். அது அவருடைய மகளுடையது, ரோஸ் நிறம். வழியெல்லாம் வெங்காயத் தோட்டமும் புகையிலைத் தோட்டமும். இவ்வளவு தண்ணீர்த் தட்டுப்பாட்டிலும் இவ்வளவு பச்சையை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேட்க வாயைத் திறந்தபோது கிளட்ச் கம்பி அறுந்தது. வண்டி இருமி நின்றது.

"பதினோரு வருசமா எஞ்சின் வேலை சொல்லிக் குடுக்கறீங்க, ஒரு கம்பி கையில வச்சிருக்க மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். வெயில் அப்படி. தாசன் கோபிக்கவில்லை. போன் எடுத்தார். கால் மணி நேரத்தில் ஒரு இளைஞன் வந்து இறங்கினான். ஒரு கையில் புதுக் கம்பி, மறு கையில் தட்டைவடைப் பொட்டலம்.

"சேர், வாறீங்கள் எண்டு முதலே சொல்லியிருந்தா ஓட்டோ அனுப்பியிருப்பனே" என்றான். நான் அந்த மொறுமொறு வடையில் மூன்றாவதைக் கடிப்பதற்குள் வண்டி ஓடத் தயாராகிவிட்டது. இவன்தான் ரூபன், தாசனின் மாணவன், பதினெட்டில் முதலாவது பெயர்.

அவனுடைய கொட்டகை கடற்கரை வீதியில் இருந்தது. பத்துப் பதினைந்து எஞ்சின்கள் வரிசையாகத் தொங்கின. மூன்று ஆட்கள் அவனிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள். இரண்டு படகுக்காரர்கள் தங்கள் முறைக்காக பெஞ்சில் காத்திருந்தார்கள். அதே பெஞ்சில் ரூபனின் அப்பாவும் உட்கார்ந்திருந்தார். நான் மரியாதைக்காக, "பையன் என்ன பண்றான்?" என்று கேட்டு வைத்தேன்.

"என்னத்தைச் சொல்ல ஐயா. உத்தியோகம் ஒண்டும் இன்னும் சரிவரேல்லை. சும்மாதான் நிக்கிறான்" என்றார். பின்னால் மகன் சுத்தியலால் எதையோ அடித்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தில் அவர் இதையே இரண்டாம் முறை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

நான் எழுதி வைத்திருந்த கடுதாசியை ரூபனிடம் நீட்டினேன். வாசித்தான். கையைத் துடைத்துக்கொண்டு மரியாதையாகத் திருப்பித் தந்தான்.

"ஐயா, குறை நினைக்காதேங்கோ. என்ரை பேர் வேலையில்லாத ஆக்களின்ரை லிஸ்டிலை கிடக்கு. உதிலை கையெழுத்து வைச்சா பேரை வெட்டிப்போடுவினம்."

"வெட்டினா என்னப்பா? நீதான் மூணு பேருக்குச் சம்பளம் குடுக்கிறியே! அந்த லிஸ்ட்ல என்ன வேலை தருவாங்க?"

"கந்தோரிலை அலுவலக உதவியாளர்" என்றான். அந்தச் சம்பளம் அவனுடைய கடைசி ஆளுக்கு அவன் கொடுப்பதைவிடக் குறைவு என்று அவனே சொன்னான். ஆனால் அது அரசாங்கம். கலியாணம் பேசப் போகிற இடத்தில் பெண்ணின் தகப்பன் கேட்கும் முதல் கேள்விக்கு ஒரு பதில். எஞ்சின் கொட்டகையை அந்தியில் பார்த்துக்கொள்ளலாம்.

"சேருக்காக நான் உயிரையும் குடுப்பன் ஐயா" என்று கடைசியாகச் சொன்னான். கையெழுத்து மட்டும் கேட்காதீர்கள் என்பதைச் சொல்லவில்லை, எனக்கே புரிந்துவிட்டது. மத்தியானம் அவன் வீட்டில் கணவாய்க் கறியோடு இடியப்பம். பதினான்கு இடியப்பம் சாப்பிட்டேன் என்று தாசன் பிற்பாடு சொன்னார். நம்பவில்லை, ஆனால் எண்ணிக்கை விஷயத்தில் அவர் பொய் சொல்கிறவர் இல்லை.

மூன்றாம் நாள் குருநகர். காலையில் தாசனுக்கு வகுப்பு இருந்ததால் நான் தனியாக பஸ்ஸில் போவதென்றும், அவர் பின்னால் வந்து யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் என்னைப் பிடிப்பதென்றும் ஏற்பாடு. பஸ்ஸில் நிற்க இடமில்லை. கண்டக்டர் மட்டும் "உள்ளை போங்கோ, உள்ளை எவ்வளவு இடம் கிடக்கு" என்று கூசாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நின்ற பெண்மணி நான் எவடம் என்று கேட்டார். சென்னை என்றதும், அங்கே ஓடுகிற ஒரு சீரியலில் அடுத்த வாரம் மாமியார் செத்துவிடுவாரா என்று கவலையோடு விசாரித்தார். தெரியாது என்றேன். சென்னைக்காரன் என்று நான் சொன்னதையே அதற்குப்பிறகு அவர் நம்பவில்லை.

கோபுரம் தெரிந்த அவசரத்தில் நல்லூரிலேயே இறங்கிவிட்டேன். சட்டையைக் கழற்றிவிட்டு முருகனைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் வீதி முழுக்க சைக்கிள். ஏதோ ட்யூஷன் வகுப்பு விட்டிருக்கிறது. மதில்களில் ஆசிரியர்களின் முகங்கள், எங்கள் ஊரில் சினிமா நடிகர்களை ஒட்டுகிற மாதிரி. ஒரு மதிலில் கணக்கு வாத்தியார் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு சிரித்தார். இவ்வளவு பிள்ளைகளும் இவ்வளவு சைக்கிள் மிதித்து எங்கே போய்ச் சேரப் பார்க்கிறார்கள் என்பது எனக்கு முந்தின நாளே தெரிந்துவிட்டது. தாசன் பஸ் நிலையத்தில் ஒரு மணி நேரம் காத்திருந்து, பிறகு என்னைத் தேடி நல்லூருக்கே வந்தார். "சென்னை ஆக்கள் எண்டால் இஞ்சதான் இறங்குவினம்" என்றார்.

குருநகரில் நாங்கள் பார்க்கப் போனது ஜெசிந்தா என்ற பெண்ணை. பதினெட்டுப் பேரில் ஒரே பெண். வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் நிரப்பிய பெரிய பீப்பாயில் ஒரு எஞ்சினை இறக்கி ஓடவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். எஞ்சினின் சொந்தக்காரர், சம்மாட்டி என்று அவர்கள் சொல்கிற மீசை நரைத்த படகு முதலாளி, டாக்டர் முன்னால் பிள்ளையைக் கொண்டு வந்தவர்போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் தாய் எங்களுக்குக் கூழ் வார்த்தார். ஒடியல் என்கிற காய்ந்த பனங்கிழங்கு மாவும் நண்டும் மீனும் பயற்றங்காயும் மரவள்ளியும் புளியும் மிளகாயும் ஒன்றாய்க் கொதித்த அந்தக் கூழைச் சிரட்டையில் குடித்தபோது கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வந்தது. தாய் நான் எதற்கோ அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஆறுதலாகப் பேசினார்.

"எல்லாற்றை வீட்டிலையும் கவலைதான் ஐயா. இவளுக்கும் ஒரு வேலை சரிவரட்டும் எண்டு மாதாவுக்கு நேத்தி வைச்சிருக்கிறன்." எஞ்சின் உறுமிய உறுமலில் பாதிதான் காதில் விழுந்தது.

ஜெசிந்தா கடுதாசியை வாசிக்கவே இல்லை. "ரூபன் அண்ணை போன் எடுத்துச் சொன்னவர்" என்று சிரித்தாள். அதாவது நான் வருவதற்கு முன்பே பதினெட்டுப் பேருக்கும் எச்சரிக்கை போய்விட்டது. எங்கள் துறையில் ஒரு சுற்றறிக்கை இவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை.

அப்படியே மானிப்பாய்க்கும் போனோம். அங்கே கஜன் என்பவன் கடல் இல்லாத ஊரில் தோட்டக்காரர்களின் தண்ணீர்ப் பம்புகளைத் திருத்திக்கொண்டிருந்தான். அவனும் சும்மாதான் நின்றான். அவன் கொடுத்த பிளேன்ரீயையும் கையெழுத்திடாத கடுதாசியையும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். எங்கள் ஊரில் ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவார்கள். இங்கே அவர்கள் எனக்குச் சோறு போட்டுவிட்டுக் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்கள்.

ஆனாலும் நான் சும்மா இருக்கவில்லை. போன இடமெல்லாம் என் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டே வந்தேன்: பெயர், இடம், என்ன திருத்துகிறான், எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள். பார்க்க முடியாதவர்களைப் பற்றி தாசனையே கேட்டு எழுதினேன். பதினெட்டுப் பேரும் பக்கத்துக்கு ஒருவராகக் கிடைத்துவிட்டார்கள். அத்தோடு இன்னொரு யோசனையும் வந்தது. கஜன் வீட்டு வாசலில் நின்றுகொண்டே தாசனிடம் ரூபனுக்குப் போன் போட்டுத் தரச் சொன்னேன்.

"தம்பி, கையெழுத்து வேண்டாம். குழு வர்ற அன்னைக்கு எல்லாரும் வந்து வாசல்கிட்ட நில்லுங்க, அது போதும். ஜனங்க கூட்டமா நின்னா குழுக்காரங்க கண்ணு அங்கதான் போகும். மத்ததை நான் பாத்துக்கறேன்."

"ஓம் ஐயா! கட்டாயம் வாறம்!" என்றான் ரூபன். கேட்டமாத்திரத்தில் அவ்வளவு உற்சாகமாக ஒத்துக்கொண்டதே எனக்குச் சந்தேகம் தந்திருக்க வேண்டும். முப்பது வருட அனுபவம் கண்ணை மறைத்துவிட்டது.

நான்காம் நாள் நிலையத்தில் ஒத்திகை. நான் தவிசாளர். சம்பந்தியம்மா செயலாளர். தாசன் சாட்சி. இங்கே குழுத் தலைவரைத் தவிசாளர் என்கிறார்கள். சொல் எனக்கு மிகவும் பிடித்துப் போனது, நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்தே உட்கார்ந்தேன்.

"உங்கள் பாடநெறியால் என்ன பயன்?" என்றேன் கம்பீரமாக.

தாசன் பதில் சொன்னார். எஞ்சின் நடுக்கடலில் நின்றால் படகில் இருப்பவனுக்கு என்ன நடக்கும், தன்னுடைய சிறிய தகப்பன் அப்படி இரண்டு நாள் மிதந்தது, திருத்தத் தெரிந்தவன் ஒருவன் படகில் இருந்திருந்தால் அரை மணி நேர வேலைதான் அது, அதனால்தான் இந்த வேலைக்கு வந்தது, எல்லாம் சொன்னார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எட்டு நிமிடம்.

"குழுவுக்கு இதெல்லாம் வேண்டாம் தாசன். கேட்டதுக்கு மட்டும் பதில். ஓம், இல்லை. அதுக்கு மேல ஒரு சொல் சொன்னீங்கன்னா அதிலிருந்து ஒன்பது கேள்வி முளைக்கும்."

"ஓம்" என்றார் தாசன்.

"பாத்தீங்களா, இப்படித்தான்" என்று நான் பாராட்டினேன்.

ஐந்தாம் நாள் குழு வந்தது. காலை ஒன்பதுக்கு என்றார்கள், பதினொன்றரைக்கு வந்தார்கள். இதில் மட்டும் எனக்குச் சொந்த ஊரில் இருப்பது போலவே இருந்தது. குத்துவிளக்கு, பூமாலை, வரவேற்பு நடனம், வடை, மோதகம், இளநீர். சாப்பிட வைக்காமல் யாரையும் கேள்வி கேட்க விடுவதில்லை என்று இந்த மண்ணில் ஒரு வைராக்கியம் இருக்கிறது. முதல் மூன்று பாடநெறிகளை முடித்து எஞ்சினுக்கு வரும்போது அடுத்த ஊருக்குப் புறப்பட இருபது நிமிடம்தான் மிச்சம். நான் கடைசி வரிசையில் நோட்டுப் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தவிசாளர் சிங்களத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "பதினெட்டுப் பேர் பயிற்சி பெற்றுள்ளனர், ஒருவருக்கேனும் வேலை இல்லை. பதினொரு வருடங்களாக எதற்காக இந்தச் செலவு என்று கௌரவ தவிசாளர் வினவுகிறார்."

சம்பந்தியம்மா எழுந்து, படிவத்தில் பிழை இருப்பதாகத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து வாசலில் கோஷம் கிளம்பியது.

எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். நான் எழுந்து பார்த்தேன். என் பதினெட்டுப் பேரும் வந்துவிட்டார்கள். ஒருவர் குறையவில்லை. துணியில் பெரிய எழுத்தில் எழுதிப் பிடித்திருந்தார்கள்: 'வேலையற்ற எமக்கு அரச நியமனம் வழங்கு!' ஒரு முனையில் ரூபன், மறு முனையில் ஜெசிந்தா. கொட்டகைகளைப் பூட்டிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தலைவாரி வந்திருந்தார்கள். கூட்டமாக வந்து நில்லுங்கள் என்று சொன்ன மகானுபாவன் நான்தான். எனக்கு அப்படியே தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது.

தவிசாளர் கொஞ்சம் சிரித்தார். படிவத்தைத் தட்டிக் காட்டி ஏதோ சொன்னார். மொழிபெயர்க்கத் தேவையில்லை.

குழுவில் ஒரு பெண் உறுப்பினர் இருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னலருகே போய் நின்று நன்றாகப் பார்த்துவிட்டு, தாசனிடம் நேராகக் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "இவர்கள் உங்களுடைய மாணவர்களா? இவர்களில் எவராவது, எந்த விதத்திலாவது, எஞ்சின் திருத்தி உழைக்கிறார்களா? ஐந்து பெயர்களைச் சொல்லுங்கள், போதும். நாங்கள் இப்போதே பதிவு செய்து பாடநெறியைத் தொடரும்படி சிபாரிசு செய்கிறோம் என்று கௌரவ உறுப்பினர் கூறுகிறார்."

நல்ல பெண்மணி. முப்பது வருடத்தில் இப்படி ஒரு கேள்வி கேட்ட உறுப்பினரை நான் பார்த்ததில்லை. ஐந்து பெயர்தான் கேட்டார்; என் பைக்குள் பதினெட்டு இருந்தது. ஜிப்பைத் திறந்தேன்.

தாசன் ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்தார். அங்கிருந்தபடியே என் பக்கம் திரும்பினார். என் கை பைக்குள் இருப்பதைப் பார்த்தார். கண்ணால் வேண்டாம் என்றார். சம்பந்தியம்மாவும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையை வெளியே எடுத்தேன்.

"என்ரை மாணவர்தான், மேடம்" என்றார் தாசன். "ஆனா ஒருத்தருக்கும் வேலை இல்லை."

கேட்டதற்கு மட்டும் பதில். நான் சொல்லிக் கொடுத்தபடியே. அந்தப் பெண்மணி இன்னும் ஒரு நிமிடம் அவரையே பார்த்துவிட்டு, மெதுவாகத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். தவிசாளர் செயலாளரிடம் இரண்டு வரி சொன்னார், அவர் எழுதிக்கொண்டார். பாடநெறி இந்த வருடத்தோடு நிறுத்தப்படும். அடுத்த ஊரில் காத்திருந்த மதியச் சாப்பாட்டுக்குக் குழு எழுந்தது.

நடைபாதையில் தாசனைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உங்களுக்குப் பைத்தியமா? பதினொரு வருஷம்! அடுத்த மாசம் வயசு முடியுது! ரெண்டு பொண்ணுங்களை வச்சுகிட்டு... விரலை நீட்டி இவன், இவன், இவள்னு அஞ்சு பேரைக் காட்டியிருந்தா போதுமே!"

அவர் என் தோளில் கை வைத்து, ஜன்னலிலிருந்து தள்ளி நிற்கச் செய்தார்.

"ஐயா, எங்கடை ஊரிலை கன காலம் ஆளைக் காட்டுற வேலை நடந்தது. சண்டைக் காலத்திலை ஆமி சனத்தை வரிசையிலை நிப்பாட்டிப்போட்டு, இவன், இவன் எண்டு காட்டச் சொல்லும். காட்டுப்பட்டவன் வீடு திரும்பமாட்டான். அப்ப எனக்குப் பதினாறு வயது. நானும் வரிசையிலை நிண்டனான். அந்த வேலையை நான் செய்யமாட்டன். இது லிஸ்டிலை பேர் வெட்டுறது மட்டும்தான் எண்டாலும் செய்யமாட்டன்."

முப்பது வருடம் பதில் எழுதியவன் நான். நோட்டுப் புத்தகத்தை எடுத்து அவரிடமே கொடுத்தேன். அவர் அதை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

குழுவின் வாகனங்கள் போனதும் வாசலுக்கு வந்தோம். பிள்ளைகள் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். முகமெல்லாம் மகிழ்ச்சி. ஜெசிந்தா எனக்கு ஒரு சோடாப் போத்தல் நீட்டினாள். ரூபன் ஓடி வந்தான்.

"சேர், எங்கடை விசயம் கதைச்சவையே?"

"கதைச்சவை. ஒருத்தருக்கும் வேலை இல்லை எண்டு வடிவாப் பதிஞ்சிருக்கினம்."

"அப்பாடா! அப்ப இந்த முறை கிடைக்கும்." நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டான். பிறகுதான் ஞாபகம் வந்தவன்போலக் கேட்டான்: "உங்கடை விசயம் என்ன மாதிரி, சேர்?"

"அதுக்கு நேரம் காணாமப் போட்டுது."

ரூபனின் முகம் உண்மையாகவே வாடியது. சேரின் கையைப் பிடித்துக்கொண்டான். "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, சேர். எனக்கு உந்த வேலை கிடைக்கட்டும். கந்தோருக்குள்ளை போனதும் முதல் வேலையா, ஒரு ஆளைப் பிடிச்சு உங்கடை நிரந்தரத்தைப் பற்றிக் கதைக்கிறன்."

"ஓம் தம்பி" என்றார் தாசன். "மறந்திடாதை."